கத்தரிக்கோல் பளபளத்தால் போதுமா?

கற்றல் பக்கம் – கூட்டமைப்பின் சுகாதாரக் குழு



சென்ற இதழில் ரத்தசோகை பற்றிப் படித்தோம். பல குழுக்களில் அதை வாசித்துப் பேசியதாகச் சொன்னீர்கள், மகிழ்ச்சி. இந்த இதழில் மருத்துவமனைக்குள் நம் கண்ணுக்குப் படாத ஓர் இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அதன் பெயர் மையக் கிருமி நீக்கப் பிரிவு. அங்கே வேலை பார்ப்பவர்கள் சுருக்கமாக சி.எஸ்.எஸ்.டி. என்பார்கள். பிரசவ அறையிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் பயன்படுத்திய கத்தரி, இடுக்கி, கிண்ணம், துணி எல்லாம் இங்கே வந்து, கழுவி, கிருமி நீக்கப்பட்டு, மறுபடியும் பயன்பாட்டுக்குப் போகும்.

"இது டாக்டருங்க, நர்சுங்க பாடு. நமக்கு எதுக்குங்க?" என்று கேட்கலாம். இரண்டு காரணம் உண்டு. ஒன்று, பிரசவம், சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு, கர்ப்பப்பை ஆபரேஷன் என்று பெண்ணின் உடம்புக்குள் போகும் கருவிகள் இந்தப் பிரிவிலிருந்துதான் வருகின்றன. அங்கே ஒரு படி தவறினால் சீழ், காய்ச்சல், சில நேரம் உயிரிழப்பு வரை போகும். இரண்டு, நம் சகோதரிகள் பலர் மருத்துவமனைகளில் ஒப்பந்தப் பணியாளராக இருக்கிறார்கள். கருவி கழுவுகிற கை பல இடங்களில் நம் கைதான்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பிரசவத்துக்கு மருத்துவமனைதான் பாதுகாப்பான இடம். அங்கே எது சரி, எது தவறு என்று நமக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறோம்.

சுத்தம் வேறு, கிருமி நீக்கம் வேறு

ஒரு குழுக் கூட்டத்தில் இப்படிப் பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

உறுப்பினர்: ஏங்கா, கத்தரியை சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் கொதிக்க வச்சா கிருமி செத்துடாதா?

ஊக்குநர்: நிறைய கிருமி சாகும்மா. ஆனா எல்லாம் சாகாது.

உறுப்பினர்: கொதிக்கிற தண்ணியில கூடவா உயிரோட இருக்கும்?

ஊக்குநர்: சில கிருமி விதை மாதிரி. கெட்டியான ஓட்டுக்குள்ள தூங்கும். நல்ல இடம் கிடைச்சா முளைச்சிடும்.

இந்த விதை போன்ற நிலையை 'ஸ்போர்' என்கிறார்கள். ரணஜன்னி என்று நாம் சொல்லும் டெட்டனஸ் கிருமி இந்த வகைதான். மண்ணிலும் சாணத்திலும் இருக்கும். தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரி வெப்பத்தை இந்த ஸ்போர் தாங்கிவிடும். அந்தக் காலத்தில் அரிவாளாலும் பழைய பிளேடாலும் தொப்புள்கொடியை அறுத்து, ஏழெட்டு நாளில் குழந்தை வெட்டி இழுத்து இறந்துபோன கதைகளை நம் பாட்டிமார்கள் சொல்லியிருப்பார்கள். தடுப்பூசி போட்டதாலும், சுத்தமான முறையில் பிரசவம் பார்த்ததாலும் அந்தச் சாவுகள் குறைந்தன. தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் டெட்டனஸை ஒழித்த நாடாக 2015-ல் இந்தியா அறிவிக்கப்பட்டது. ஒரு பிளேடின் சுத்தம் எத்தனை பெரிய விஷயம் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆகவே மூன்று நிலைகளைப் பிரித்துப் புரிந்துகொள்வோம்.

1. கழுவுதல்: கண்ணுக்குத் தெரியும் ரத்தம், அழுக்கு போகும்.
2. கிருமி குறைத்தல்: கொதிக்க வைப்பதாலோ மருந்தில் ஊறவைப்பதாலோ பெரும்பாலான கிருமிகள் சாகும். ஸ்போர் தப்பிவிடலாம்.
3. கிருமி நீக்கம்: ஸ்போர் உட்பட எந்தக் கிருமியும் உயிரோடு இருக்காது.

எந்தப் பொருளுக்கு எது வேண்டும்? தோலை மட்டும் தொடும் ரத்த அழுத்தக் கருவியின் பட்டை போன்றவற்றுக்குச் சுத்தம் செய்து துடைத்தால் போதும். வாய், தொண்டை போன்ற ஈரமான உள்தோலைத் தொடும் கருவிகளுக்கு இரண்டாம் நிலையாவது வேண்டும். தோலை அறுத்து உள்ளே போகும், ரத்தத்தைத் தொடும் கருவிகளுக்கு மூன்றாம் நிலை கட்டாயம். பிரசவத்தில் கொடி வெட்டும் கத்தரி, தையல் போடும் ஊசி பிடிப்பான், சிசேரியன் கருவிகள் எல்லாம் இதில் சேரும்.

ஏன் எல்லாம் ஒரே இடத்தில்?

முன்பெல்லாம் ஒவ்வொரு வார்டிலும் ஒரு மூலையில் ஸ்டவ் வைத்து, அந்தந்த வார்டுக்காரர்களே கருவிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டார்கள். ஒரு வார்டில் 20 நிமிடம், இன்னொரு வார்டில் 5 நிமிடம். அவசரம் என்றால் அதுவும் இல்லை. யார் செய்தார், எவ்வளவு நேரம் செய்தார் என்று கேட்டால் பதில் இருக்காது.

நம் குழு தொடங்குவதற்கு முன்னால் ஆளாளுக்கு முடிச்சில் காசு சேர்த்தோம். குழுவாக ஆன பிறகு ஒரே கணக்கு, ஒரே நோட்டு, ஒரே முறை என்று வந்தது. அதே மாதிரிதான் இதுவும். வேலையை ஒரே இடத்தில் வைத்தால் பயிற்சி பெற்ற ஆட்களைப் போடலாம். நல்ல இயந்திரம் வாங்கலாம். எல்லா வார்டுக்கும் ஒரே தரம் கிடைக்கும். தவறு நடந்தால் எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியும்.

திரும்பிப் போகாத பாதை

இந்தப் பிரிவை அமைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பாதை. இயந்திரம் வாங்குவது அதற்கு அப்புறம்தான். அழுக்கு ஒரு வாசலில் உள்ளே வரும். கிருமி நீக்கிய பொருள் வேறு வாசல் வழியாக வெளியே போகும். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கக் கூடாது.

இடம் மூன்று பகுதியாக இருக்கும்.

அழுக்குப் பகுதி: பயன்படுத்திய கருவிகளை வாங்கி, எண்ணி, கழுவும் இடம்.

சுத்தப் பகுதி: கழுவியதைப் பரிசோதித்து, செட் சேர்த்து, பொட்டலம் கட்டி, இயந்திரத்தில் ஏற்றும் இடம்.

கிருமியற்ற பகுதி: இயந்திரத்திலிருந்து எடுத்து, ஆறவைத்து, அடுக்கி வைத்து, வார்டுகளுக்குக் கொடுக்கும் இடம்.

அழுக்குப் பகுதியில் வேலை பார்ப்பவர் அதே உடையோடும் கையுறையோடும் அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது. காற்றுகூட சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்குத்தான் போக வேண்டும், எதிர்ப்பக்கம் வரக் கூடாது. பெரிய மருத்துவமனைகளில் இயந்திரத்துக்கே இரண்டு கதவு இருக்கும். சுத்தப் பகுதியில் ஏற்றுவார்கள், மறுபக்கக் கதவு வழியாகக் கிருமியற்ற பகுதியில் இறக்குவார்கள்.

சிறிய மருத்துவமனையில் மூன்று அறை இல்லாமல் இருக்கலாம். அப்போதும் ஒரே அறைக்குள் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலையில் முடிகிற மாதிரி மேசைகளைப் போட்டு, அழுக்கு வேலைக்கும் சுத்த வேலைக்கும் நடுவே தடுப்பு வைக்கலாம்.

படிப்படியாகப் பார்ப்போம்

படி 1 – கொண்டுவருதல். பயன்படுத்தியவுடனேயே பெரிய அழுக்கைத் துடைத்துவிட்டு, ரத்தம் காயாமல் ஈரமாக வைத்து, மூடிய பெட்டியில் கொண்டுவர வேண்டும். சோறு வடித்த பானையில் கஞ்சி காய்ந்துவிட்டால் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிடுகிறது அல்லவா? காய்ந்த ரத்தம் அதைவிட மோசம். உப்பு கலந்த சலைன் நீரில் ஊறவைக்கக் கூடாது, கருவி அரித்துப்போகும். முன்பு பல இடங்களில் கழுவுவதற்கு முன்பே பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கையேடு இதைப் பரிந்துரைக்கவில்லை. ரத்தம் பட்டால் மருந்தின் வீரியம் குறையும், உலோகமும் கெடும் என்பது காரணம். உங்கள் இடத்தில் எந்த முறை என்று பொறுப்பு நர்ஸிடம் கேட்டு நடங்கள்.

படி 2 – கழுவுதல். ரத்தத்தைக் கரைக்கும் என்சைம் சோப்புக் கரைசலில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். முதலிலேயே கொதிக்கும் நீரை ஊற்றக் கூடாது. முட்டை வெந்து கெட்டியாவது போல ரத்தமும் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும். கத்தரியையும் இடுக்கியையும் விரித்து வைத்து, பல்லிடுக்கு, மூட்டு எல்லாம் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தண்ணீருக்குள் வைத்துத் தேய்த்தால் மேலே தெறிக்காது. இங்கே ஒன்றை நன்றாக மனதில் வைப்போம்: அழுக்கு ஒட்டியிருந்தால் அதற்கு அடியில் கிருமி பதுங்கிக்கொள்ளும். எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரமானாலும் கழுவாத கருவியைக் கிருமி நீக்க முடியாது.

தண்ணீரும் முக்கியம். நம் ஊர் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருந்தால் கருவியில் வெள்ளை படியும், பாய்லரிலும் படிமம் கட்டும். அதனால் கடைசி அலசலுக்கும் நீராவிக்கும் சுத்திகரித்த நீர் வேண்டும்.

படி 3 – பரிசோதித்தல். நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கறை இருந்தால் மறுபடியும் கழுவப் போக வேண்டும். துரு இருந்தாலோ, கத்தரி மழுங்கியிருந்தாலோ தனியே எடுத்து வைக்க வேண்டும்.

படி 4 – பொட்டலம் கட்டுதல். ஒவ்வொரு செட்டுக்கும் பட்டியல் உண்டு. பிரசவ செட் என்றால் கத்தரி, இடுக்கி, கிண்ணம், பஞ்சு, துணி என்று பட்டியலைப் பார்த்து எண்ணி வைத்து, இரண்டு உறையாகச் சுற்ற வேண்டும். குண்டூசி குத்தக் கூடாது, அந்த ஓட்டை வழியே கிருமி நுழையும். தையல் தொழில் செய்யும் சகோதரிகள் இதைக் கவனியுங்கள். சுற்றும் துணியில் ஓட்டை விழுந்தால் ஊசி நூலால் தைத்துக் கொடுக்கக் கூடாது. தைக்கும் ஒவ்வொரு குத்தும் புது ஓட்டைதான். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஓட்டை இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும்.

படி 5 – இயந்திரத்தில் ஏற்றுதல். இதைத் தனியே கீழே பார்க்கலாம்.

படி 6 – ஆறவைத்து அடுக்குதல். சூடாக இருக்கும் பொட்டலத்தைச் சில்லென்ற மேசையில் வைத்தால் வியர்த்து ஈரமாகும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போட்டால் என்ன ஆகும்? அதே கதைதான். ஈரப் பொட்டலம் கிருமியை உறிஞ்சிக்கொள்ளும், அதைப் பயன்படுத்தவே கூடாது. அலமாரியின் கீழ்த்தட்டு தரையிலிருந்து 20 முதல் 25 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். மேல்தட்டுக்கும் கூரைக்கும் நடுவே 45 செ.மீ. இடைவெளி வேண்டும். சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது.

படி 7 – கொடுத்தல். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். ரேஷன் அரிசியில் பழைய மூட்டையை முதலில் எடுக்கிற மாதிரி. உறை கிழிந்தாலும், நனைந்தாலும், கீழே விழுந்தாலும், தேதி மீதமிருந்தாலும் அது கிருமியற்றது அல்ல. திரும்பவும் முதல் படிக்குப் போக வேண்டும்.

குக்கர் சொல்லித்தரும் பாடம்

இயந்திரத்தின் பெயர் ஆட்டோகிளேவ். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். நம் பிரஷர் குக்கரின் பெரிய அக்காதான் அது. 1679-ல் டெனிஸ் பாபின் என்பவர் எலும்பை வேகவைக்க ஓர் அழுத்தப் பாத்திரம் செய்தார். அந்த வழியைப் பின்பற்றி 1879-ல் பிரான்ஸ் நாட்டின் சார்லஸ் சேம்பர்லேண்ட் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைச் செய்தார். இவர் பாஸ்டரோடு வேலை பார்த்தவர்.

திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. மூடி போட்டு, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் ஏற்றினால் ஆவியின் வெப்பம் 121 டிகிரி ஆகும். இந்த வெப்பத்தில் பொட்டலம் கட்டிய கருவிகளை 30 நிமிடம் வைக்க வேண்டும். காற்றை உறிஞ்சி எடுக்கும் வகை இயந்திரத்தில் 134 டிகிரியில் சுமார் 4 நிமிடம் போதும். நேரத்தை அடுப்பு பற்றவைத்ததிலிருந்து எண்ணக் கூடாது, சரியான வெப்பம் வந்த பிறகுதான் எண்ண வேண்டும். நடுவில் கரண்டு போய்விட்டால்? மீதி நேரத்தை மட்டும் ஓட்டினால் போதாது, முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

குக்கரில் ஆவி நன்றாகச் சீறி வந்த பிறகுதானே வெயிட் போடுகிறோம்? உள்ளே இருக்கும் காற்று போக வேண்டும் என்பதற்காகத்தான். ஆட்டோகிளேவிலும் காற்று தங்கிவிட்டால் அந்த இடத்தில் ஆவி போகாது, சூடு குறையும், கிருமி பிழைத்துக்கொள்ளும். அதனால் பொட்டலங்களை நெருக்கித் திணிக்கக் கூடாது. இட்லித் தட்டில் துளை ஏன் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆவி எல்லாப் பக்கமும் போக வழி வேண்டும். கிண்ணங்களை நிமிர்த்தி வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். பக்கத்தில் துளை உள்ள டிரம் பயன்படுத்தினால், துளையைத் திறந்து உள்ளே வைத்து, எடுத்தவுடன் மூட வேண்டும். இதை மறந்து மூடியபடியே வைத்தால் டிரம் சூடாகும், உள்ளே ஆவி போயிருக்காது.

இப்படிச் சொன்னதால் வீட்டுக் குக்கரில் கருவியை வேகவைத்துவிடலாம் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் வெப்பத்தை அளக்கவும் முடியாது, பொட்டலத்தை உலர்த்தவும் முடியாது.

சூடு தாங்காத பிளாஸ்டிக் பொருள்களுக்கு எத்திலீன் ஆக்சைடு வாயு பயன்படுத்துவார்கள். அது விஷ வாயு. நெடுநாள் சுவாசித்தால் புற்றுநோய் வரக்கூடியது. அதற்குத் தனி அறை, வாயு வெளியேற வழி, பயிற்சி பெற்ற ஆள் மூன்றும் கட்டாயம். பொருளில் தங்கிய வாயு போகப் பல மணி நேரம் காற்றோட்டம் தர வேண்டும்.

"நடந்துவிட்டது" என்பதற்குச் சாட்சி எங்கே?

கிருமி கண்ணுக்குத் தெரியாது. செத்ததும் தெரியாது, பிழைத்ததும் தெரியாது. அதனால் மூன்று சாட்சி வேண்டும்.

முதல் சாட்சி இயந்திரம். வெப்பம், அழுத்தம், நேரம் மூன்றையும் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும்.

இரண்டாம் சாட்சி நிறம் மாறும் டேப். பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும். சூடு பட்டதும் அதிலுள்ள கோடுகள் கருப்பாகும். இதைப் பார்த்தால் பொட்டலம் இயந்திரத்துக்குள் போய்வந்தது என்று தெரியும். உள்ளே வரைக்கும் ஆவி போனதா என்று அறிய பொட்டலத்துக்குள்ளேயும் ஒரு பட்டை வைப்பார்கள். காற்றை உறிஞ்சும் இயந்திரத்தில் தினமும் முதல் ஏற்றத்துக்கு முன்பு, காற்று முழுவதும் போகிறதா என்று 'போவி-டிக்' என்ற சோதனை செய்ய வேண்டும்.

மூன்றாம் சாட்சி ஸ்போர் சோதனை. எளிதில் சாகாத, ஆனால் மனிதருக்குத் தீங்கு செய்யாத ஒரு கிருமியின் ஸ்போர்களை வேண்டுமென்றே உள்ளே வைத்து இயந்திரத்தை ஓட்டுவார்கள். பிறகு அவற்றை வளர்த்துப் பார்ப்பார்கள். முளைக்கவில்லை என்றால் இயந்திரம் சரியாக வேலை செய்திருக்கிறது. முளைத்துவிட்டால் அபாயம். வாரம் ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும்.

முளைத்துவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் பதிவேடு வேண்டும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு எண் உண்டு. ஒவ்வொரு பொட்டலத்திலும் அந்த எண், தேதி, கட்டியவர் கையெழுத்து இருக்கும். எடுத்துக்காட்டாக 14-ஆம் ஏற்றம் தவறு என்று தெரிந்தால், அதில் போன 20 பொட்டலம் எந்த வார்டில் இருக்கிறது, எந்த நோயாளிக்குப் பிரித்தார்கள் என்று பதிவேட்டைப் பார்த்து உடனே திரும்ப வாங்கலாம், டாக்டரை எச்சரிக்கலாம்.

நம் குழுவில் வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் செலவு எழுதுவோமா? "நம்பிக்கைதானே" என்று விட்ட குழுக்கள் என்ன ஆயின என்று நமக்குத் தெரியும். தீர்மான நோட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் சரிபார்க்கிற நமக்கு இந்தப் பதிவேட்டின் அருமை சொல்லாமலே புரியும். எழுதாத கிருமி நீக்கத்தை நடக்காத கிருமி நீக்கமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை செட் வேண்டும்?

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு எத்தனை சீருடை வேண்டும்? உடம்பில் ஒன்று, துவைக்க ஒன்று, பெட்டியில் ஒன்று. கருவிக்கும் அதே கணக்குதான். ஒன்று பயன்பாட்டில், ஒன்று கிருமி நீக்கப் பிரிவில், ஒன்று அலமாரியில். பிரசவம் கூடும் நாளுக்கு அதற்கு மேலும் வேண்டும். கழுவுவதில் தொடங்கி ஆறும் வரை ஒரு செட்டுக்குப் பல மணி நேரம் ஆகும். செட் குறைந்தால் அவசரம் வரும். அவசரம் வந்தால் ஏதாவது ஒரு படி விட்டுப்போகும்.

இதை நாம் மறக்கக் கூடாத ஒரு சம்பவத்தோடு வைத்துப் பார்ப்போம். 2014 நவம்பர் 8-ஆம் தேதி சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் நடந்த ஒரு குடும்பக் கட்டுப்பாடு முகாமில், ஒரே நாளில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். அந்த மாவட்டத்தில் அந்த நாட்களில் நடந்த முகாம்களுக்குப் பிறகு 13 பெண்கள் இறந்தார்கள். எல்லோரும் நம்மைப் போன்ற ஏழைக் கிராமத்துப் பெண்கள். கொடுத்த மருந்தில் கலப்படமா, கிருமித் தொற்றா என்று பெரிய விவாதம் நடந்தது. ஆனால் கருவிக் கணக்கு விவாதத்துக்கு இடமில்லாதது. 3 லேப்பராஸ்கோப் கருவி வைத்திருக்கும் ஒரு குழு ஒரு நாளில் 30 ஆபரேஷன் வரைதான் செய்யலாம் என்பது முகாம்களுக்கான அரசு நடைமுறை. ஒரு கருவிக்கு 10 என்று ஆகிறது. ஒருவருக்குப் பயன்படுத்திய கருவியைச் சுத்தம் செய்து அடுத்தவருக்கு எடுக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டால்தான் ஒரே நாளில் 83 வரை போக முடியும். இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது.

அங்கே வேலை பார்க்கும் சகோதரிகளுக்கு

• அழுக்குப் பகுதியில் கனமான ரப்பர் கையுறை, நீர் புகாத ஏப்ரன், முகக்கவசம், கண்ணாடி, மூடிய செருப்பு அல்லது பூட்ஸ் இல்லாமல் வேலையில் இறங்காதீர்கள். இவற்றைக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.

• ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய் ரத்தத்தால் பரவும். அதற்கு மூன்று தவணை ஊசி உண்டு: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லாப் பணியாளருக்கும் இந்த ஊசியும் டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. "நீங்க ஒப்பந்த ஆளு" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

• ஊசியோ கத்தியோ குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது மிக நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு பயன் இல்லை. திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம்.

• பொட்டலம் ஈரமாக இருந்தாலோ, டேப் நிறம் மாறாமல் இருந்தாலோ "இது கூடாதுங்க" என்று சொல்லும் உரிமை உங்களுக்கும் உண்டு. சொல்லாவிட்டால் உள்ளே படுத்திருக்கும் பெண் பாதிக்கப்படுவாள்.

நாம் என்ன பார்க்கலாம், என்ன கேட்கலாம்?

மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவத்தில் துணையாக இருக்கும்போது பணிவாகக் கேட்கலாம்:

• "சிஸ்டர், செட் புதுசா பிரிக்கிறீங்களா? டேப்பில் கோடு கருப்பாயிருக்கா?"

• "கையுறையும் பிளேடும் புதுசுங்களா?" சிரிஞ்சு, பிளேடு போன்ற ஒருமுறைப் பொருள்களை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

நம் பக்கமும் கடமை உண்டு. பிரித்து வைத்த தட்டின் மேல் பை வைப்பது, கை நீட்டுவது, குனிந்து பேசுவது கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், குளிர், நாற்றமுள்ள போக்கு, தையல் சிவந்து வீங்குதல், சீழ், வயிற்றில் கடும் வலி இருந்தால் நாட்டு மருந்து போட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.

குழுவாகவும் செய்யலாம். அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் உண்டு. கிராமத்தில் சுகாதாரக் குழு உண்டு. "எங்கள் மருத்துவமனையில் ஆட்டோகிளேவ் வேலை செய்கிறதா? ஸ்போர் சோதனை எப்போது செய்தார்கள்? பிரசவ செட் போதுமான அளவு இருக்கிறதா?" என்று அங்கே கேட்கலாம். சுத்தத்துக்கும் தொற்றுத் தடுப்புக்கும் மதிப்பெண் கொடுத்து அரசு மருத்துவமனைகளுக்கு விருது வழங்கும் 'காயகல்ப்' திட்டம் 2015 முதல் உள்ளது. "நம்ம மருத்துவமனைக்கு எத்தனை மதிப்பெண்?" என்றும் கேட்கலாம். சண்டைக்காக இல்லை. நாம் கேட்டால் அங்கே உண்மையாக உழைக்கும் நர்சுகளுக்கும் பணியாளருக்கும் புது இயந்திரமும் கூடுதல் ஆளும் கிடைக்க வழி பிறக்கும்.

குழுக் கூட்டத்தில் பேச

1. கழுவுவதற்கும் கிருமி நீக்கத்துக்கும் என்ன வித்தியாசம்? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.
2. டிரம்மின் துளையைத் திறக்க மறந்தால் என்ன ஆகும்?
3. டேப் நிறம் மாறியிருந்தாலும் ஸ்போர் சோதனை ஏன் வேண்டும்?
4. நம் குழுவில் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணையும் போட்டாயிற்று?

நான்காம் கேள்விக்கான பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஊசி போடாதவர்கள் பட்டியலோடு மருத்துவமனை நிர்வாகத்தை நாமே நேரில் சந்தித்துக் கேட்போம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.